அளவுகோல் வகுப்பை விட்டு வெளியேறிய வரலாறு: தமிழகத்தில் தொழிலுக்கான கணக்குக் கல்வி

படிப்பை முடித்ததும் வேலைக்குப் போகவிருக்கும் பிள்ளைக்கு எந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டும்? இந்தக் கேள்விக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய திண்ணைப் பள்ளிகளிடம் திட்டமான ஒரு விடை இருந்தது. அந்த விடை எப்படிக் கைநழுவியது, அதன் எச்சம் இன்று எங்கே உயிரோடு இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

திண்ணைப் பள்ளியின் கணக்குப் புத்தகம் எண்சுவடி. அதன் பின்னங்கள் 1/320 ஆகிய முந்திரியில் தொடங்கி, 1/80 காணி, 1/20 மா, 1/16 மாகாணி, 1/8 அரைக்கால் என்று ஏறும். நெல்லிலக்கத்தில் செவிடு, ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என முகத்தலளவைகள் வரும். பொன்னிலக்கம் பொன் நிறுப்பதற்கு. குழிமாத்து நில அளவைக்கு. 16 கோல் நீளமும் 16 கோல் அகலமும் உள்ள வயல் என்றால் 256 குழி என்று பையன் உடனே சொல்ல வேண்டும். 100 குழி ஒரு மா ஆகையால் 2 மா 56 குழி. களத்துமேட்டிலும் கடையிலும் கணக்குப்பிள்ளையின் ஓலையிலும் புழங்கிய அதே அலகுகள்தாம் பாடத்திலும் இருந்தன. எண்சுவடியை ஒப்பிக்கும் இம்முறையை வெறும் மனப்பாடம் என்று ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. ஆய்வாளர் செந்தில் பாபு, திண்ணைப் பள்ளியில் நினைவாற்றலே கற்கும் முறையாக இருந்தது என்று விரிவாக நிறுவியிருக்கிறார். எழுதிப் பார்க்க வசதியில்லாத வரப்பில் நிற்பவனுக்கு மனத்தில் பதிந்த வாய்ப்பாடுதான் வேலைக் கருவி.

ஆனால் இந்தக் கருவி எல்லோர் கைக்கும் எட்டவில்லை. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பின் முடிவுகள் 1826இல் தொகுக்கப்பட்டன. சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அவர்களில் பெண் குழந்தைகள் 4,540 பேர் மட்டுமே. சாதியும் அதே கடுமையோடு வாசலை அடைத்தது. வயலில் கோல் பிடித்து நடந்தவர் ஒருவர். அளவை ஓலையில் எழுதி அதிகாரம் செலுத்தியவர் வேறொருவர். நெல்லைக் கூலியாகப் பெற்றவரின் பிள்ளைக்கு மரக்கால் கணக்குச் சொல்லித்தரப் பள்ளி இல்லை. திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக்கி எழுதுவோர் இதைக் கடந்து போகக் கூடாது.

பின்னர் வந்த அரசுப் பள்ளிகள் வாசலை, மிக மெதுவாகவேனும், அகலத் திறந்தன. அதே வேளையில் தேர்வுதான் கல்வியின் இலக்கு என்றானது. அச்சுப் புத்தகமும் கரும்பலகையும் வந்தன. மரக்காலும் கோலும் வகுப்பை விட்டுப் போயின. 1957 ஏப்ரலில் தசம நாணயம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை 16 அணா ஒரு ரூபாயாக இருந்ததால், ஓர் அணா என்பது மாகாணி ரூபாய். பழைய பின்ன வாய்ப்பாடு கடைத்தெருவில் நேராக உதவிற்று. தசம முறையும் மெட்ரிக் அளவைகளும் நாட்டுக்குத் தேவையான மாற்றங்கள்தாம். வாய்ப்பாட்டுக்கும் வேலைக்கும் இருந்த கடைசி இழை அவற்றோடு அறுந்ததும் உண்மை.

எஸ்.எஸ்.எல்.சி. மாணவர்கள் அக்காலத்தில் ஜெனரல் மேத்ஸ், காம்போசிட் மேத்ஸ் என்ற இரண்டில் ஒன்றைப் படித்தார்கள். அறிவியலும் பொறியியலும் நாடியவர்கள் இரண்டாவதை எடுத்தார்கள். அன்றாட வேலைக்கு உதவும் புழங்கு கணக்கு, கணக்கு வராத பிள்ளைகளுக்கானது என்ற எண்ணம் இப்படித்தான் வேரூன்றியது என்பது என் கருத்து. ஏ. லட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான ஆணையம் (1952–53) பல்நோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. கோத்தாரி ஆணையம் (1964–66) மேல்நிலைக் கல்வியில் தொழிற்கல்வியை வலியுறுத்தியது. 1978இல் தமிழகத்தில் பிளஸ் டூ தொடங்கியபோது தொழிற்பிரிவும் கூடவே வந்தது. நோக்கம் நல்லது. ஆயினும் மதிப்பு மாறவில்லை: மதிப்பெண் குறைந்தவர்கள் ஒதுங்கும் இடமாகவே பெற்றோர் அதைப் பார்த்தார்கள்.

வேலையோடு ஒட்டிய அந்தப் பழைய கணக்குக் கல்வியின் எச்சம் தங்கியிருப்பது ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையங்களில். அங்கே ‘ஒர்க்‌ஷாப் கால்குலேஷன்’ என்று ஒரு பாடப் பகுதியே உண்டு. டர்னர் பிரிவு மாணவர் ஓர் இரும்புத் தண்டை லேத்தில் டேப்பராக, அதாவது ஒரு முனை சிறுத்துச் செல்லுமாறு, கடைய வேண்டும் என்று கொள்வோம். பெரிய விட்டம் 40 மி.மீ., சிறிய விட்டம் 30 மி.மீ., நீளம் 50 மி.மீ. விட்டங்களின் வித்தியாசமான 10ஐ, நீளத்தின் இருமடங்கான 100ஆல் வகுத்தால் 0.1. டேன் மதிப்பு 0.1 ஆக உள்ள கோணம் ஏறக்குறைய 5 பாகை 43 கலை. வெட்டுளியைத் தாங்கும் காம்பவுண்ட் ரெஸ்ட்டை அந்தக் கோணத்துக்குத் திருப்பி வைத்துக் கடைந்து, வெர்னியர் காலிப்பரை வைத்துப் பார்க்கிறார். கணக்குத் தவறியிருந்தால் இரும்பே காட்டிக்கொடுத்துவிடும். பத்தாம் வகுப்பில் கோபுர உயரம் காணப் படித்த அதே முக்கோணவியல்தான் இது. தரத்தில் ஒரு படியும் குறைந்ததல்ல. புழங்கு கணக்கு எளிய கணக்கு என்ற நம்பிக்கை இந்த ஒரு தண்டின் முன் நிற்காது.

பள்ளியில் இந்த வாய்ப்பு இல்லை: பிளஸ் டூவில் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் செய்முறைத் தேர்வு இருக்கிறது, கணிதத்துக்கு இல்லை. தொழிற்பிரிவிலேனும் மாணவர் தம் கையால் அளந்து, மதிப்பிட்டு, செய்துகாட்டும் கணக்குக்கு மதிப்பெண் ஒதுக்க வேண்டும். பாடத்திட்டம் வகுப்போர் ஐ.டி.ஐ. பயிற்றுநர்களையும் தங்களோடு உட்கார வைத்து அந்தப் பாடத்தை எழுத வேண்டும்.