உணங்கலும் வற்றலும்: ஜோகுபாளையம் தமிழர் கோடைக்காய்ச் சொற்கள்

பெங்களூர் மாநகரின் கிழக்கே அலசூர் ஏரியை அடுத்து அமைந்துள்ள ஜோகுபாளையம், தமிழ் பேசுவோர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பகுதிகளுள் ஒன்று. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், அங்கிருந்த ஆங்கிலேயப் படை 1809இல் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. அப்பொழுது உருவான தண்டுப் பகுதிக்குச் சென்னை மாகாணத்தின் வட மாவட்டங்களிலிருந்து படைவீரர், வணிகர், கைவினைஞர், பணியாளர் எனப் பலதரப்பட்ட தமிழர் வந்து குடியேறினர். 1881இல் மைசூர் அரசு உடையார்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டபோதும் தண்டுப் பகுதி ஆங்கிலேயர் ஆட்சியிலேயே நீடித்தது. 1947இல்தான் அது மைசூரோடு சேர்ந்தது. இவ்வரலாறு பலரால் எழுதப்பட்டுள்ளது. ஆயின் குடியேறியோர் தம்மோடு கொண்டுவந்த அடுக்களைச் சொற்கள் கன்னடச் சூழலில் பெற்ற நிலை போதிய அளவு ஆராயப்படவில்லை. கோடைக் காய்களைச் சமைத்தல், உலர்த்துதல், ஊறவைத்தல் ஆகிய தொழில்களைக் குறிக்கும் சொற்கள் மட்டும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

முதலில் இடப்பெயர்களையே நோக்கலாம். பத்தாம் நூற்றாண்டு முதல் படிப்படியாகக் கன்னடத்தில் சொன்முதற் பகரம் ஹகரமாகத் திரிந்தது. தமிழில் பால், பல், பலா என வழங்குவன கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹலசு என வழங்கும். ஹலசூரு என்னும் பெயருக்குப் பலா மரங்கள் மிகுந்த ஊர் என்பதே மக்கள் கூறும் விளக்கம். தமிழர் நாவில் அது அலசூர், அல்சூர் ஆயிற்று. ஆனால் அதன் அருகிலுள்ள ஊர்ப்பெயரின் ஈற்றில் 'பாள்ய' எனப் பகரம் திரியாமல் நிற்கிறது. ஒலி மாற்றம் நடந்து முடிந்த பின்னரே இவ்வீறு இங்கு ஊர்ப்பெயராக நிலைபெற்றது எனக் கருதலாம். இரண்டு அடுத்தடுத்த இடப்பெயர்களில் ஒன்று விதிக்கு உட்பட்டும் மற்றொன்று விதிக்குத் தப்பியும் நிற்பது போன்ற நிலையே காய்களின் பெயர்களிலும் காணப்படுகிறது.

கோடையும் அதன் கால அளவும்

வேலூர், ஆர்க்காடு பகுதிகளில் சித்திரை, வைகாசி மாதங்களில் வெப்பம் 40 பாகையைக் கடப்பதுண்டு; வானமும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். வற்றலும் வடகமும் இடுவதற்குக் கத்திரி வெயிலே உகந்தது என்னும் வழக்கம் இச்சூழலில் தோன்றியதே. பெங்களூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்தது. இங்கு ஏப்ரல் மாதத்தின் சராசரி உச்ச வெப்பம் 34 பாகை அளவினதே. அதனினும் முதன்மையானது மழை. ஏப்ரல் பிற்பகுதி முதல் மாலை வேளைகளில் இடியுடன் கூடிய கோடைமழை பெய்யத் தொடங்குகிறது. மே மாதத்தில் அதன் சராசரி அளவு 100 மில்லிமீட்டரைக் கடந்துவிடும். மாங்காய் முற்றும் பருவத்தில் வருவதால் இதனை மாம்பழ மழை என்றே கூறுவர். பாதி உலர்ந்த காய் ஒருமுறை நனைந்தால் பூசணம் பிடித்துவிடும். ஆகவே, ஆர்க்காட்டில் சித்திரையில் செய்த வேலையை இங்குப் பங்குனிக்குள் முடிப்பதே தக்கது. 'கத்திரி வெயில்' என்னும் தொடர் குடியேறியவர்களோடு வந்தது. அத்தொடர் குறிக்கும் வெயில் வரவில்லை.

தோட்டக் காய்களின் பெயர்கள்

புழக்கடைத் தோட்டத்திற்குரிய கோடைக் காய்கள் கத்தரி, வெண்டை, கொத்தவரை, பாகல், புடல், பீர்க்கு, பூசணி, வெள்ளரி, சுண்டை, மிளகாய் முதலியன. (பெங்களூரின் புகழ்பெற்ற அவரைக்காய் பனிக்காலத்துக்குரியது.) சொன்முதல் வகரம் கன்னடத்தில் ஒலிப்புடைப் பகரமாதல் ஒரு பொது விதி. வெண்டை 'பெண்டெ' ஆனதை எவரும் எளிதில் உணர்வர். கத்தரியின் நிலை அத்தகையதன்று.

கத்தரிக்காய் கன்னடத்தில் 'பதனெகாயி' எனப்படும். ஓசை அளவில் தமிழுக்கும் இதற்கும் உறவில்லை என்றே அங்காடியில் நிற்பவர் கருதுவர். ஆனால் கத்தரிக்குத் தமிழில் வழுதுணை என்னும் பழம்பெயர் உண்டு. ஔவையார் பாடியதாக வழங்கும் தனிப்பாடல் ஒன்றிலும் அப்பெயர் இடம்பெறுகிறது. வகரம் பகரமாகி, ழகரம் அடுத்த மெய்யோடு கலந்து மறைய, வழுதுணையின் இனச்சொல்லே கன்னடத்தில் பதனெ என நிற்கிறது. மலையாளத்தில் வழுதனங்ங என அது இன்னும் தெளிவாக விளங்குகிறது. பர்ரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (முதற்பதிப்பு 1961, இரண்டாம் பதிப்பு 1984) இச்சொற்களை ஒரே பதிவில் தொகுத்துக் காட்டுகிறது. தமிழர் கைவிட்ட சொல்லை அண்டை மொழியினர் இருவரும் நாள்தோறும் வழங்குகின்றனர்.

சமையலிலும் இத்தகைய கலப்பு உண்டு. சுட்ட கத்தரிக்காயைப் பிசைந்து புளி கூட்டிச் செய்வது தமிழில் கொத்சு எனப்படும். தகரமும் சகரமும் மயங்கும் 'த்ச' தமிழ்ச் சொல்லமைப்புக்கு ஏற்றதன்று. கன்னடத்தில் புளிப்பும் காரமும் இனிப்பும் சேர்ந்த குழம்பு வகைக்கு வழங்கும் 'கொஜ்ஜு' என்னும் சொல்லோடு இதனை இணைத்துப் பார்க்க இடமுண்டு. அப்பளமும் இவ்வாறே. தமிழில் சொன்முதற் பகரம் கெடுவதற்கு விதியில்லை. மலையாளத்தில் பப்படம் என்றே நிற்கிறது. கன்னட 'ஹப்பள' அல்லது தெலுங்கு 'அப்படமு' வழியாக இச்சொல் தமிழுக்கு வந்தது எனக் கொள்வதே பொருந்தும்.

நீர் போக்கும் வினைகள்

காயிலிருந்து நீரைப் போக்குதலைக் குறிக்கத் தமிழில் பல வினைகள் உள்ளன: காய், உலர், வாடு, வற்று, உணங்கு. இவை ஒருபொருட் கிளவிகள் போலத் தோன்றினும் உண்மையில் வேறுபட்டவை. வாடுதல் பசுமை குன்றுதல். நீர் முழுதும் நீங்க வேண்டுவதில்லை. காய்தலுக்கு வெப்பம் வேண்டும். உலர்தலுக்குக் காற்றே போதும். ஈரத்துணி நிழலிலும் உலரும். வற்றுதல் என்பது உள்ளிருக்கும் நீர் குறைந்து தீர்தல்; குளமும் வற்றும், குழம்பும் வற்றும். கன்னடத்தில் இதன் இனச்சொல்லாகிய 'பத்து' ஏரி வற்றுவதற்கு இன்றும் வழங்குகிறது. உலர்ந்த காய்க்குப் பெயராக அது வளரவில்லை.

கொத்தவரங்காய் வற்றல் இடும் முறையை நோக்கினால், தமிழர் வற்று என்னும் வினையைத் தேர்ந்தது புலப்படும். இளங்காய்களின் காம்பும் நுனியும் கிள்ளப்படும். கொதிக்கும் உப்புநீரில் அரைவேக்காடாக வெந்ததும் வடித்து, பாயில் அல்லது துணியில் பரப்பி நான்கைந்து நாள் வெயிலில் வைக்கப்படும். வேகவைப்பதால் காயைக் கெடச் செய்யும் நொதிகள் செயலிழக்கின்றன. உப்பு உள்ளே புகுந்து நீரை வெளியேற்றுகிறது. ஒடித்தால் ஓசையுடன் முறிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது என்பது பொருள். மேற்பரப்பு காய்ந்தால் போதாது. உள்நீர் வற்ற வேண்டும். கத்தரி, பாகல், வெண்டை ஆகியவற்றின் வற்றலுக்கும் இதுவே அளவுகோல். மழைக்காலத்தில் இவையே புளிக்குழம்பில் இடப்பட்டு வற்றற்குழம்பாகும்.

மீனுக்கு வரும்போது தமிழ் வேறு வினையைக் கொள்கிறது. கருவாடு என்பதில் உள்ளது வாடு. மலையாளத்தில் அது உணக்கமீன், கன்னடத்தில் 'ஒணமீனு'. இங்குதான் உணங்கு என்னும் வினை சிறப்பிடம் பெறுகிறது. சங்க நூல்களில் வெயிலில் உலரவிட்ட தானியம் உணங்கல் எனப்பட்டது. பிற்காலத் தமிழில் இவ்வினை பெரும்பாலும் ஏட்டளவில் நின்றுவிட்டது. கன்னடத்திலோ 'ஒணகு' என்பது அன்றாடச் சொல். மிளகாய் வற்றலைக் கன்னடர் 'ஒண மெணசினகாயி' என்பர். ஜோகுபாளையத்துத் தமிழர் கடைவீதியில் அன்றாடம் கேட்கும் இத்தொடரின் முதற்சொல் சங்கத் தமிழின் இனச்சொல்லே. அதனைக் கன்னடச் சொல் என்பதும் சரி. அயற்சொல் என்பதே பிழை.

மிளகாய் பற்றி ஒரு குறிப்பு. அமெரிக்கக் கண்டத்துக்குரிய இச்செடி 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. தமிழர் மிளகு என்பதோடும் கன்னடர் மெணசு என்பதோடும் காய் என்பதைச் சேர்த்துப் பெயரிட்டனர். புதிய பொருள் வந்தபோது இரு மொழிகளும் ஒரே வழியில் சொல் ஆக்கியுள்ளன. அதற்கு முன் காரத்துக்கு மிளகே இருந்தது என்பதும் இப்பெயரிலேயே பதிந்துள்ளது.

ஊறுதல்

ஊறுகாய் என்பது வினைத்தொகை. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என முக்காலத்துக்கும் அது விரியும். பொருளளவிலும் இது நுட்பமான சொல். ஊறு என்னும் வினைக்கு உள்ளிருந்து சுரத்தல், நீர்மத்தில் நனைந்து பதமாதல் என இரு பொருள்கள் உண்டு. மணற்கேணி ஊறுவது முதற்பொருள்; அரிசி ஊறுவது இரண்டாவது. மாவடுவில் இவ்விரண்டும் அடுத்தடுத்து நிகழ்கின்றன. வடுக்களோடு உப்பும் மஞ்சளும் கடுகும் சிறிது விளக்கெண்ணெயும் சேர்த்து ஜாடியில் இட்டுக் குலுக்கி வைப்பர், நீர் சேர்ப்பதில்லை. ஓரிரு நாளில் வடுவிலிருந்தே நீர் ஊறும். பின்னர்த் தோல் சுருங்கிய வடு அந்நீரிலேயே ஊறும். இரு பொருளும் ஒரே ஜாடியில் நிறைவேறுகின்றன.

கன்னடர் இதனை 'உப்பினகாயி' என்பர்; உப்பின் காய் என்பது பொருள். மலையாளிகள் உப்பிலிட்டது என்பர். தெலுங்கில் ஊரகாய. தமிழும் தெலுங்கும் காய்க்கு நேரும் நிகழ்ச்சியைச் சொல்கின்றன. கன்னடம் காக்கும் பொருளைச் சொல்கிறது. மலையாளம் செய்பவரின் செயலைச் சொல்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் மாவடு இட்ட காடி பேசப்படுகிறது. அங்கு வடுவுக்கு வழங்கும் சொல் 'வடி'. தொழில் மிகப் பழையது என்பதற்கு இச்சான்று போதும்.

மோர்மிளகாய் இவ்விரு வகைக்கும் இடைப்பட்டது. கீறிய மிளகாய் உப்பிட்ட மோரில் இரவு முழுதும் ஊறும். பகலில் வெயிலில் காயும். மாலையில் மீண்டும் அதே மோரில் இடப்படும். மோர் முழுதும் உறிஞ்சப்படும் வரை இது தொடரும். ஊறுதலும் வற்றுதலும் மாறிமாறி நடப்பதாலோ என்னவோ, தமிழ் இதற்கு இரண்டு வினைகளில் எதனையும் பெயரில் சேர்க்கவில்லை. கன்னடத்தில் 'மஜ்ஜிகெ மெணசினகாயி' என்பதும் அதே அமைப்பே. 'பாளக' எனத் தனிப்பெயரும் உண்டு.

வடகம் வடமொழி 'வடக' என்பதிலிருந்து வந்தது. பிராமணர் வழக்கில் வடாம் என்பர். வட ஆர்க்காட்டு வழக்கில் வடகம் எனின், சிறுவெங்காயமும் உளுந்தும் கடுகும் கலந்து உருட்டி உலர்த்திய தாளிப்பு வடகமே முதலில் நினைவுக்கு வரும். கன்னடர் 'சண்டிகெ' என்பது இதனையன்று, கூழிலிருந்தும் பூசணியிலிருந்தும் இடப்படும் வகையையே. பொருள் வேறுபட்டமையால் தாளிப்பு வடகத்துக்குக் கன்னடப் பெயர் ஈடாகவில்லை.

சீமைக் காய்கள்

ஹைதர் அலி 1760இல் தொடங்கிய லால்பாக் தோட்டம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜான் கேமரூனின் மேற்பார்வையில் புதிய பயிர்களைப் பரப்பும் நிலையமாயிற்று. காய்கறித் தோட்டத் தொழிலில் தேர்ந்த திகளர் சமூகத்தினர் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்தவர் என்பது மரபு. தமிழரைக் குறிக்கும் பழங்கன்னடச் சொல்லாகிய 'திகுள' அவர்தம் பெயரில் நிற்கிறது. தண்டுப் பகுதியின் தேவை புதுக் காய்களுக்கு நிலையான சந்தையைத் தந்தது.

இவற்றுள் சௌசௌ குறிப்பிடத்தக்கது. தமிழகத்திலும் ஆந்திரத்திலும் இதற்குப் பெங்களூர்க் கத்தரிக்காய், 'பெங்களூரு வங்காய' என்னும் பெயர்கள் உண்டு. பெங்களூரிலோ இது 'சீமெ பதனெகாயி'. அதாவது, தமிழருக்கு இக்காய் பெங்களூரிலிருந்து வந்தது. பெங்களூராருக்குச் சீமையிலிருந்து வந்தது. ஒவ்வொரு மொழியும் தனக்குத் தெரிந்த முந்தைய இடத்தையே ஊராகக் கருதியுள்ளது. இக்காயின் பிறப்பிடமாகிய மெக்சிகோ எப்பெயரிலும் இல்லை. மற்றொன்று நூல்கோல். ஆங்கிலேயர் வழங்கிய 'நோல்கோல்' என்னும் டச்சு மூலச்சொல் தமிழில் நூலும் கோலுமாயிற்று. கன்னடத்தில் மயிற்கோசு எனப் பொருள்படும் 'நவிலுகோசு' ஆயிற்று. பொருள் விளங்காச் சொல்லுக்கு மக்கள் தாமே பொருள் கற்பித்துக்கொண்டதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

உருளைக்கிழங்கும் தக்காளியும் வற்றலாயின. நூல்கோலும் சௌசௌவும் அவ்வாறு நிலைபெறவில்லை. சௌசௌ நீர் மிகுந்தது. பெங்களூரில் ஆண்டின் பெரும்பகுதியும் கிடைப்பது. கூட்டுக்கும், தோலைச் சீவித் துவையலுக்கும் அது போதும். சேமிக்க வேண்டாத காய்க்கு வற்றற்பெயர் தோன்றாதது இயல்பே.

ஜோகுபாளையத்துக்கு அண்மையில், அலசூர் ஏரிக்கரையில் 1991இல் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, மொழிப் பூசலால் 18 ஆண்டுகள் மூடியே கிடந்து 2009 ஆகஸ்டு மாதத்தில்தான் திறக்கப்பட்டது. 1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலை ஒட்டித் தமிழர் தாக்கப்பட்டதும் இந்நகரில்தான். எது தமிழ், எது கன்னடம் என்னும் வினா இப்பகுதியில் அறிஞர் வினாவாக மட்டும் இருந்ததில்லை. அக்காலத்திலும் அதே ஏரியைச் சுற்றிய தெருக்களில் ஒருவர் 'பதனெ' என்றும் மற்றொருவர் கத்தரி என்றும் கூறியே காய் வாங்கினர். பழைய பெயர் கன்னடம் பேசியவரிடமே இருந்தது.

இன்று வீட்டுப் புழக்கடைகள் பெரும்பாலும் கட்டடங்களாகிவிட்டன. வற்றலும் ஊறுகாயும் கடையில் பொட்டலமாகவும் புட்டியாகவும் வாங்கப்படுகின்றன. பெயர்கள் அழியவில்லை. ஆயின் வெளிநீர் சேர்க்காத ஜாடியில் வடு தன் நீரைத் தானே விடுவதைக் காணாத ஒருவருக்கு, ஊறு என்பதன் இரு பொருள்களில் ஒன்று மட்டுமே அப்பெயரில் எஞ்சியிருக்கிறது.