நெட் பெட்டியில் சிவப்பு லைட் எரியுதா? அது என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கோங்க!

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போற வழியில் இருக்கு காடாம்புலியூர். முந்திரியும் பலாவும் விளையுற இந்தப் பக்கத்துல இன்னிக்கு ஆன்லைன் கிளாஸ், வீடியோ கால், பத்திரம் பார்க்கிறதுன்னு எல்லாத்துக்கும் நெட் வேணும். அது நின்னுபோனா, 'வொய்ஃபை வரல'ங்கிற ஒரே வார்த்தையிலதான் புகார் சொல்றோம். எங்கே கோளாறுன்னு சரியாச் சொன்னா, ரெண்டு நாள் காத்திருப்பு மிச்சமாகலாம்.

ஃபைபர் கனெக்‌ஷன் வாங்கினா வீட்டுச் சுவர்ல மாட்டுற பெட்டிக்குப் பேர் ஓ.என்.டி. கண்ணாடி இழை வழியா வர்ற ஒளியை உங்க கருவிகளுக்குப் புரியுற மின் சிக்னலா மாத்துறது இதோட வேலை. அதை வீட்டுக்குள்ள பங்குபோட்டுக் கொடுக்கிறது ரவுட்டர், தமிழ்ல திசைவி. இப்போ பெரும்பாலும் ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ள வருது.

பெட்டியில 'எல்.ஓ.எஸ்'னு ஒரு லைட் இருக்கும். 'சிக்னல் இல்லை' என்பதன் சுருக்கம். அது சிவப்பா மினுக்கினா, வெளியிலிருந்து ஒளியே வந்து சேரலைன்னு அர்த்தம். எங்கேயோ கேபிள் அறுந்திருக்கலாம், மடங்கியிருக்கலாம். ரவுட்டரை நூறு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் பிரயோஜனமில்லை. போன்ல முதல் வாக்கியமே 'எல்.ஓ.எஸ் சிவப்பு'ன்னு சொல்லுங்க. பக்கத்துல 'பான்' லைட் பச்சையா நிலைச்சு எரிஞ்சா லைன் நல்லா இருக்கு. ரீசார்ஜ், பாஸ்வேர்டு, செட்டிங்ஸ் பக்கம் பாருங்க. கழட்டின ஃபைபர் முனையை மட்டும் கண்ணுக்கு நேரா வெச்சுப் பார்க்காதீங்க. அதுல வர்றது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர்.

அடுத்தது எம்.பி.பி.எஸ். டாக்டர் படிப்பு இல்லீங்க! விளம்பரத்துல வர்ற 'பி' பிட். மொபைல்ல டவுன்லோடு வேகம் காட்டுற 'பி' பைட். 8 பிட் சேர்ந்தாத்தான் 1 பைட். அதனால 40 எம்.பி.பி.எஸ் பிளான்ல அதிகபட்சம் விநாடிக்கு 5 மெகாபைட்தான் இறங்கும். 1 ஜி.பி படத்துக்கு மூணு நிமிஷத்துக்கு மேல ஆகும். இதைக் கம்பெனிக்காரங்க ஏமாத்துறதா நினைச்சுச் சண்டை போடுறவங்க நிறைய. ஆனா, 40-க்கு 10 கூட வரலைன்னா சண்டை போடலாம், தப்பில்லை. அதுக்கு முன்னாடி மொபைலை ரவுட்டர் பக்கத்துல வெச்சு ஒருதரம் டெஸ்ட் பண்ணிடுங்க. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனா சுவர் தாண்டினா சோர்ந்துபோகும், 2.4 மெதுவா வந்தாலும் தூரம் போகும். இரும்பு பீரோவுக்குப் பின்னாடி ரவுட்டரை ஒளிச்சு வெச்சா ரெண்டுமே தவிக்கும்.

சரி, கரண்ட் போனா? பழைய லேண்ட்லைன் போனுக்குத் தேவையான மின்சாரம் எக்ஸ்சேஞ்ச்ல இருந்தே செம்புக் கம்பி வழியா வந்தது. வீட்ல கரண்ட் இல்லைன்னாலும் மணி அடிக்கும். கண்ணாடி இழையில மின்சாரம் வராது. கூப்பிடு தூரத்துல நெய்வேலி இருந்தும், கரண்ட் போன நொடியே பெட்டி படுத்துடும். 2011 டிசம்பர் 30 அன்னிக்கு தானே புயல் அடிச்சப்போ கடலூர் மாவட்டத்துல பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டுல கிடந்தது இந்தப் பக்கத்துக்காரங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். ரவுட்டருக்குன்னே சின்ன யு.பி.எஸ் விக்குது. பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட். அடாப்டர் லேபிள்ல போட்டிருக்கிற வோல்ட், ஆம்பியர் ரெண்டையும் பார்த்துட்டு வாங்குங்க.