மென்பொருள் மாற்றத்தின் காலக்கெடு: ஒக்லாந்தும் லெவினும்

2010 நவம்பர் 1இல் ஒக்லாந்தின் எட்டு உள்ளூராட்சி அமைப்புகள் சட்டத்தால் ஒரே மாநகரசபையாயின. தனித்தனியே வளர்ந்திருந்த அவற்றின் கணினி முறைமைகளோ ஒரே நாளில் ஒன்றாகவில்லை. 'நியூகோர்' திட்டத்தின்கீழ் எஸ்ஏபி மென்பொருளுக்கு அவற்றை மாற்றும் பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. இதனோடு ஒப்பிடத்தக்கது அதே வடதீவின் தென்பகுதியிலுள்ள லெவின் சிற்றூரின் நூலகம். அங்கே கெடு விதித்தது சட்டமன்று, நாட்காட்டி. பழைய முறைமை 2000ஆம் ஆண்டைத் தாங்காது என்றறிந்த ஹொரோவெனுவா நூலக அறக்கட்டளை, வேறோர் உரிமத்தை விலைக்கு வாங்காமல், கட்டிப்போ நிறுவனத்தைக்கொண்டு 'கோஹா'வை எழுதுவித்தது. சிறிய நூலகமொன்றுக்கு அது துணிச்சலான முடிவே. 2000 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய கோஹா, அவ்வாண்டிலேயே கட்டற்ற உரிமத்தில் வெளியானது. மாவோரி மொழியில் கோஹா என்பது கொடை. பெற்றவர்க்குக் கைம்மாற்றுக் கடப்பாடும் உண்டு. தமிழகக் கல்லூரி நூலகங்கள் பலவும் இன்று அதைப் பயன்படுத்துகின்றன. உரிமக் கட்டணம் இல்லை. ஆயினும் ஆண்டுக்கு இருமுறை புதிய பதிப்பு வருகிறது. எப்போது மாறுவது என்பதை அந்தந்த நூலகமே தீர்மானிக்க வேண்டியுள்ளது.