கணினித் தொழிலுக்கு ஓர் ஆற்றுப்படை

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் நோக்கிச் செல்லும் வழியில் பெருமுக்கல் குன்று நிற்கிறது. உச்சியில் சிவன் கோயில். அங்கே சோழர் காலக் கல்வெட்டுகள். குன்றின் பாறையில் அவற்றுக்கும் நெடுங்காலம் முந்திய கீறல் உருவங்கள். சிறுபாணாற்றுப்படை போற்றும் நல்லியக்கோடனின் ஓய்மானாடு இப்பகுதியே. அந்நூலின் கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாகும். எயிற்பட்டினத்தை மரக்காணம் எனக் கொள்வர் ஆய்வாளர். பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிரே வரும் பாணனுக்கு வழியையும் வழியிடை ஊர்களையும் அங்குக் கிடைக்கும் உணவையும் கொடுப்பவன் இயல்பையும் எடுத்துரைப்பது ஆற்றுப்படை. போய்வந்தவன் போகிறவனுக்குச் சொல்லுவது என்பதே அவ்விலக்கிய வகையின் உயிர். தொழில் வழிகாட்டி நூல் என்று இக்காலத்தில் வழங்குவதற்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

உப்பளத்தில் பாத்தி மிதித்தவர் வீட்டுப் பிள்ளைகளும் கணினி அறிவியல் கற்கும் காலம் இது. கணினித் தொழிலுக்குச் செல்லும் அவர்களுக்குத் தமிழ் எத்தகைய ஆற்றுப்படைகளைத் தந்துள்ளது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

தொழில் செய்வோர்க்கெனத் தமிழில் நூல் இயற்றுவது புதுமையன்று. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1860களில் கற்பிக்கும் மொழியையே தமிழாக மாற்றினார். 'இரண வைத்தியம்' முதலிய அவர் நூல்கள் நோயாளி படித்து வியப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. கத்தியைக் கையில் எடுக்கப்போகும் மாணவன் படித்துத் தேர்வதற்காக எழுதப்பட்டவை. இவ்வேறுபாடு சிறிதன்று. கணினி நூல்களை அளப்பதற்கும் இதுவே கோலாகும்.

கணினி தமிழ் வாசகர்க்கு முதலில் வியப்பாகவே அறிமுகமாயிற்று. சுஜாதா என்ற எஸ். ரங்கராஜன், பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துப் பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்குகொண்டவர். 'சிலிக்கன் சில்லுப் புரட்சி', 'கம்ப்யூட்டரே ஒரு கதை சொல்லு' போன்ற அவர் நூல்கள், இயந்திரத்தைக் கண்டு அஞ்சிய ஒரு தலைமுறையின் அச்சத்தைப் போக்கின. அவர் தொழிலின் உள்ளிருந்து எழுதினார். ஆயினும் எழுதியது வெளியே நின்று பார்ப்பவர்க்கே. இதைக் குறையென்று சொல்லுதல் நன்றியின்மையாகும். வாசலைத் திறந்தவரிடம் வீட்டையும் கட்டித் தரவில்லையே எனக் கேட்பது முறையன்று.

1991இன் பொருளாதார மாற்றத்துக்குப் பின் சிறு நகரங்களிலும் கணினிப் பயிற்சி நிலையங்கள் பெருகின. 'தமிழ் கம்ப்யூட்டர்' போன்ற இதழ்கள் வெளிவந்தன. 1992இல் சொந்தமாக மென்பொருள் நிறுவனம் தொடங்கிய காம்கேர் கே. புவனேஸ்வரி நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். ஒரு பெண் தொழில்நடத்திக்கொண்டே அத்தொழிலைத் தமிழில் எழுதியது தனியே ஆராயத்தக்க செய்தி. எனினும் அக்காலத்து நூல்களுட் பெரும்பாலானவை இன்ன விசையை அழுத்தினால் இன்னது நிகழும் என்னும் கையேடுகளே. மென்பொருளின் பதிப்பு மாறியதும் நூலும் மாண்டது. டாஸ், வேர்டுஸ்டார், ஃபாக்ஸ்புரோ ஆகியவற்றைக் கற்பித்த நூல்களைப் பழைய புத்தகக் கடையில் இன்று காண்போர்க்கு இது விளங்கும்.

முன்னேற்ற நூல்களின் மரபு வேறொரு கிளை. அப்துற் றஹீம், எம். எஸ். உதயமூர்த்தி முதலியோர் அதனைப் பரப்பினர். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' பெற்ற செல்வாக்கு பெரிது. 1988இல் வந்த 'உன்னால் முடியும் தம்பி' திரைப்படத்தின் நாயகனுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 2004இல் கிழக்கு பதிப்பகம் தோன்றியபின் இம்மரபு கணினித் துறையோடு கைகோத்தது. மென்பொருள் துறையினரான என். சொக்கன், நாராயணமூர்த்தி, அஸிம் பிரேம்ஜி போன்றோரின் வரலாறுகளை எளிய நடையில் எழுதினார். முதலாளியின் வரலாறு ஊழியனுக்கு ஊக்கம் தரும். நாளை மாலைக்குள் முடித்துத் தரவேண்டிய பணிக்கு அது உதவாது. அவ்வூழியனின் அன்றாடத்தைக் காட்ட முன்வந்தது புனைகதையே. மென்பொருளாளர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட இரா. முருகனின் 'மூன்று விரல்' நாவலை இவ்வகையில் குறிப்பிடலாம்.

இனி, சொல் பற்றிய சிக்கல். கணிப்பொறி, கணிப்பான், கணனி, கணினி எனக் கருவியின் பெயரே பலவாறு வழங்கிற்று. நீரியல் அறிஞரும் குலோத்துங்கன் என்னும் பெயரில் கவிதை எழுதியவருமான வா. செ. குழந்தைசாமி, 1981 முதல் 1990 வரை அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர்; அறிவியல் தமிழுக்காக இடையறாது வாதிட்டவர். 'கூரியர்' தமிழ்ப் பதிப்பின் ஆசிரியர் மணவை முஸ்தபா கணினிக்கெனத் தனிக் கலைச்சொல் அகராதி தந்தார். இவ்வுழைப்பின் பயனைப் பள்ளிப் பாடநூலில் காணலாம். 2018, 2019ஆம் ஆண்டுகளில் வந்த புதிய மேல்நிலைப் பாடநூல்களில் பதினோராம் வகுப்புக்குச் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான் என நிரல்மொழிகளே பாடமாயின. தமிழ்வழி நூலில் இனக்குழு, மரபுரிமம், பல்லுருவாக்கம், செயற்கூறு, அணி என்னும் சொற்கள் ஆளப்பட்டன. இனக்குழு என்றதும் சங்கச் சமூக ஆய்வும், அணி என்றதும் தண்டியலங்காரமும் நினைவுக்கு வருவது தமிழாசிரியர்க்கு இயல்பு. கணினி மாணவனுக்கோ அணி என்பது ஒரே வகைத் தரவுகளை வரிசையாக அடுக்கிவைக்கும் அமைப்பு. பழஞ்சொல் புதுப்பொருள் பெறுவதில் தீங்கொன்றுமில்லை.

தீங்கு பிறிதோரிடத்தில் உள்ளது. அச்சொற்களைப் பிழையறக் கற்றுத் தேர்ந்தவன் கல்லூரி வாயிலில் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்லவேண்டியுள்ளது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் தமிழ்வழிப் பொறியியல் தொடங்கியபோது அமைப்பியலும் இயந்திரவியலுமே எடுத்துக்கொள்ளப்பட்டன. கணினிப் பொறியியலுக்கு அன்று இடமில்லை. இனக்குழுவின் இலக்கணத்தை ஒப்பிக்கத் தெரிந்த மாணவன், ஆங்கிலத்தில் அதே வினா எழும்போது வாய்மூடி நிற்கிறான். அறியாதவன் என்று மற்றவர் எண்ணுகின்றனர். சில நாளில் அவனும் அவ்வாறே எண்ணத் தலைப்படுகிறான்.

இவ்விடைவெளியில் பாலம் அமைக்க முன்வந்தோர் பல்கலைக்கழகத்தார் அல்லர், அத்தொழிலைச் செய்துகொண்டிருந்தவர்களே. த. சீனிவாசன் முதலியோர் முயற்சியால் 2012இல் 'கணியம்' மின்னிதழ் தொடங்கிற்று. அதன்வழி து. நித்யா எழுதிய 'எளிய தமிழில்' வரிசை நூல்கள் மை எஸ்க்யூஎல், லினக்ஸ் எனத் தொடங்கி இயந்திர வழிக் கற்றல் வரை சென்றன. இவை விசை அழுத்தும் கையேடுகள் அல்ல. தரவுத்தளத்தில் அட்டவணையை ஏன் பிரிக்கவேண்டும், வினவலை எவ்வாறு அமைக்கவேண்டும் என்று பணிமேசையில் எழும் வினாக்களுக்கு விடை கூறுபவை. கிறீனின் நூல்களோடு ஒருங்கு வைத்தற்குரியவை இவையே.

இவற்றின் நடையைத் தமிழறிஞர் சிலர் ஏற்கத் தயங்குவர். தொடரின் யாப்பு தமிழாக இருக்க, கலைச்சொற்கள் ஆங்கிலமாகவே நிற்கும். மணிப்பிரவாளம் மீண்டதோ என்னும் ஐயம் பொருளற்றதன்று. ஆனால் பாடநூலின் தூய சொல்லைக் கற்றவன் திகைத்து நின்ற இடத்தில், இக்கலப்பு நடையைக் கற்றவன் திகைப்பதில்லை. தமிழில் விளங்கிக்கொண்டதை அதே பெயரால் அலுவலகத்தில் சொல்லிவிடுகிறான். இரண்டு சொற்களையும் அருகருகே தரும் நூலே சிறந்தது. அத்தகைய நூல் எழுதத் தமிழாசிரியரும் நிரலாளரும் ஒரே மேசையில் அமரவேண்டும்.

கணியம் நூல்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தவை. எவரும் விலையின்றிப் படிக்கலாம், படியெடுக்கலாம், பிறர்க்கு வழங்கலாம். அவை பெரும்பாலும் மின்னூல்களாகவே உலவுவதால் இலக்கிய மதிப்புரைகளிலும் உரைநடை வரலாறுகளிலும் அரிதாகவே இடம்பெறுகின்றன. மரக்காணம் சாலையில் பேருந்துக்குக் காத்திருக்கும் மாணவி தன் கைப்பேசியில் அவற்றைத் திறந்து படிக்க இயலும். வழி சொல்லுவோர் வேலையைவிட்டு வந்து எழுதியவர் அல்லர், வேலை முடிந்த இரவுகளில் எழுதியவர்.