பாட்டுப் புத்தகத்தில் பறை எங்கே?

கிறிஸ்துமஸ் நெருங்கினால் கோவில்பட்டி சுற்றுவட்டக் கரிசல் கிராமங்களில் கீபோர்டும் ரிதம் பேடும் சேர்ந்த புதிய யூடியூப் பாடல்கள்தான் ஸ்பீக்கரில் ஒலிக்கின்றன. பாடகர் குழுவில் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் பறை சபைக்கு வெளியேதான் நிற்கிறது. ஏன்?

இதற்கு ஒரு வரலாறு உண்டு. திருநெல்வேலி வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). கர்நாடக இசை மரபில் அவர் எழுதிய கீர்த்தனைகளைப் புராட்டஸ்டண்ட் சபைகள் இன்றும் பாடுகின்றன. 1820களில் புதிய மிஷனரிகள் சபைக்குள் சாதி வேற்றுமையை ஒழிக்க முனைந்தபோது, அதை எதிர்த்து எழுதியவரும் அவரே. எந்த இசை ஆராதனைக்குத் தகுந்தது என்ற அளவுகோலும் சாதியும் ஒன்றாகவே சபைக்குள் நுழைந்தன.

மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005) அந்த அளவுகோலைத் தலைகீழாக்கினார். 'பரட்டை' என்ற பெயரில் நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில் பாடல்களும் வழிபாட்டு முறையும் எழுதினார். பறையை ஆராதனைக்குள் கொண்டுவந்தார். கடவுளைத் தாயும் தந்தையுமாக அழைத்தார். எல்லோரும் ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து உண்பதே திருவிருந்தின் பொருள் என்றார். நாட்டுப்புறப் பாட்டை யாரும் கற்கலாம், தம் தேவைக்கேற்ப மாற்றியும் பாடலாம். அதனால்தான் அது ஒடுக்கப்பட்டோரின் ஆயுதம் என்பது அவர் வாதம்.

புதிய பாடல்கள் மேல் நமக்குப் பகை இல்லை. ஆனால் நம்மைக் கேட்பவர்களாக மட்டுமே வைத்திருக்கும் பாட்டு நம்மை விடுவிக்காது. வரும் டிசம்பரில் உங்கள் சபையில் பறை அடிக்க அனுமதி கேளுங்கள். மறுத்தால், காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.