பறங்கி நோயும் இரத்தத்தின் சாட்சியமும்

கொழும்பில் பொறளைப் பக்கம் போகிறவர்கள் கின்சி வீதி என்னும் பெயரை நாள்தோறும் கடந்து செல்கிறார்கள்; ஆயினும் அப்பெயருக்குரிய டபிள்யூ. ஆர். கின்சி என்பவர் இலங்கையின் பிரதான சிவில் வைத்திய அதிகாரியாக இருந்த காலத்தில், 1881ஆம் ஆண்டில், வன்னி முதலிய வறண்ட பிரதேசத்துக் கிராமங்களை வாட்டி வந்த பறங்கி நோயைப் பற்றி விரிவான அறிக்கை ஒன்று எழுதினார் என்பதை அறிந்தவர் சிலரே. உடலெங்கும் புண்ணாய் வெடித்து, நாளடைவில் எலும்பையும் மூட்டையும் கெடுத்து, பெரும்பாலும் சிறு குழந்தைகளையே முதலிற் பற்றிய அந்த வியாதி, சிபிலிஸ் என்னும் மேகநோய்க்குத் தோற்றத்தில் மிகவும் நெருங்கியதாக இருந்தமையால், இவ்விரண்டும் ஒன்றா வேறா என்ற விவாதம் வைத்தியர்களிடையே நெடுங்காலம் நடந்து வந்தது.

1903ஆம் ஆண்டு கொழும்புக்கு வந்து இங்கிருந்த பக்றீரியா ஆய்வு நிலையத்தின் பொறுப்பை ஏற்ற இத்தாலிய அறிஞர் அல்டோ கஸ்டெலானி, 1905இல் பறங்கிப் புண்களின் நீரிலே திருகுசுருள் வடிவான நுண்கிருமி ஒன்றைக் கண்டார். சிபிலிஸின் கிருமியை ஷௌடினும் ஹோஃப்மனும் ஜெர்மனியில் கண்டதும் அதே ஆண்டில்தான். நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தால் இதுதான் அது, அதுதான் இது என்று சொல்லும்படி இரண்டும் ஒத்திருந்தன. ஆனால் ஒன்று ஆண்பெண் உறவினாலே பரவுவது, மற்றது குடிசை முற்றத்தில் ஒன்றாய் விளையாடும் பிள்ளைகளிடையே தோலோடு தோல் உரசிப் பரவுவது.

மறு ஆண்டு, 1906இல், பெர்லினில் வாஸர்மன் தம் சகாக்களோடு சேர்ந்து சிபிலிஸுக்கென ஓர் இரத்தப் பரிசோதனையை வெளியிட்டார். உலகம் அதை ஒரு நீதிபதியின் தீர்ப்பைப் போல ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தச் சோதனை நோய்க்கிருமியை நேரே காணவில்லை என்பதும், நோயுற்ற சிசுவின் ஈரற் சாற்றுக்குப் பதிலாக நோயே இல்லாத பிராணியின் இருதயச் சாற்றை இட்டாலும் அதே விளைவு தோன்றுகிறது என்பதும் ஓரிரு ஆண்டுகளுக்குள்ளேயே புலப்பட்டன. பறங்கி நோய் கண்டவரின் இரத்தமும் அச்சோதனையில் ‘உண்டு’ என்றே விடை கூறிற்று. மலேரியாவும் குஷ்டமும் சிற்சில சமயங்களில் அவ்வாறே கூறச் செய்தன. 1934-35இல் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொள்ளை கொண்ட மலேரியாக் கொடுமையைக் கண்ட நாடு இது. சிறுவயதில் பறங்கியால் வருந்திய வன்னிக் கிராமத்தான் ஒருவன், பிழைப்புத் தேடிக் கொட்டாஞ்சேனைக்கு வந்து துறைமுகத்தில் மூட்டை சுமந்திருப்பானாயின், அவனுடைய இரத்தத்தைச் சோதித்த தாள் அவனை ஒழுக்கம் தவறியவன் என்று சொல்லாமற் சொல்லியிருக்கும். சோதனை பொய் சொல்லவில்லை; தன்னால் அறியக்கூடியதை மட்டுமே அது சொன்னது; அதற்கு மேலானதை மனிதர் ஏற்றிக்கொண்டனர்.

இந்தச் சரித்திரத்தை இன்று எடுத்துச் சொல்வதற்குக் காரணம் ஹேர்பீஸ் என்னும் நோய். வெள்ளவத்தையில் காலி வீதியோரத்துத் தனியார் ஆய்வுகூடங்களில், உடலிலே ஒரு கொப்புளமும் இல்லாத இளைஞர்களும் யுவதிகளும், திருமணப் பேச்சு நடக்கும் வேளையிலோ, ஏதோ ஓர் அச்சத்தினாலோ, வைத்தியரின் ஆலோசனை இன்றியே இரத்தம் கொடுத்து, கையில் வந்த தாளிலுள்ள ஓர் எண்ணைப் பார்த்து மனம் கலங்கி நிற்பார்களாயின், அவர்கள் அறியவேண்டியது கஸ்டெலானி காலத்து இந்த அனுபவத்தையே.

ஹேர்பீஸ் வைரசும் இரு வகையினது. முதல் வகை பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் வாய்வழியே வந்து சேர்வது. 50 வயதுக்கு உட்பட்டோரில் 380 கோடிப் பேரிடம் அது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அதாவது ஏறத்தாழ மூவரில் இருவர். இரண்டாம் வகையே பெரும்பாலும் பாலுறவால் பரவுவது. இவற்றைத் தனித்தனியென 1962இல் ஜெர்மானியரான ஷ்னெவைஸ் பிரித்துக் காட்டும் வரையில், இரத்தச் சோதனை தேடுகின்ற, கிருமியை எதிர்க்க உடலில் உண்டாகும் பிறபொருளெதிரி எந்த வகையைக் குறித்தது என்று கேட்பதற்கே வழியில்லை. பின்னர், ஜி என்று பெயரிடப்பட்ட ஒரு புரதம் இரு வகைகளிலும் வேறுபடுவது அறியப்பட்டு, அதை ஆதாரமாகக் கொண்ட சோதனைகள் வழக்கிற்கு வந்தன.

அவையும் பிழைபடாதவை அல்ல. இரண்டாம் வகைக்கான சோதனையில் எல்லைக்கோட்டை அண்டி நிற்கும் சிறிய எண்கள் பல வேளைகளில் பொய்யாகவே முடிகின்றன. நூற்றுக்குப் பதினைந்து பேரிடம் இந்நோய் உள்ள ஒரு சமூகத்தில் அறிகுறியற்ற எல்லோரையும் சோதித்தால், ‘உண்டு’ என்று வரும் முடிவுகளில் ஏறக்குறைய பாதி தவறாக இருக்கும் என்று கணக்கிட்ட அமெரிக்க நிபுணர் குழு, அத்தகைய சோதனை வேண்டாம் என்று 2016இல் கூறி, 2023இல் அதையே மீண்டும் வலியுறுத்தியது. தொற்றுப் பட்ட சில நாட்களிலேயே சோதித்தால் ‘இல்லை’ என்று வருவதற்கும் இடமுண்டு; பிறபொருளெதிரி தோன்றப் பல வாரங்கள், சிலரிடம் 3 மாதங்களுக்கு மேலும், செல்லும்.

ஐயத்துக்கிடமான முடிவுகளைத் தீர்த்துச் சொல்வதில் பெயர் பெற்றது வாஷிங்டன் பல்கலைக்கழகம் சியாட்டில் நகரிலே நடத்தி வந்த சோதனை. ஒரு வகை வைரசின் புரதங்களை இரத்தநீரோடு கலந்து, அவற்றோடு ஒட்டுகின்ற பிறபொருளெதிரிகளை முதலில் அகற்றிவிட்டு, எஞ்சி நிற்பது எதைக் குறிக்கிறது என்று பார்ப்பது அதில் ஒரு படியாக இருந்தது. இவ்வாறு உறிஞ்சி நீக்கி உண்மையைக் காணும் உபாயத்தை, கொழும்புக்கு வருவதற்கு முன்னர், 1902இல், வேறு கிருமிகளின் பொருட்டு வகுத்தவர் அந்தக் கஸ்டெலானியே. ஒரே குலத்து இரண்டு கிருமிகளின் சாயலில் மயங்காமலிருக்க ஒரு நூற்றாண்டுக்கு முன்பு தேடிய வழி நம் காலத்திலும் கைகொடுத்தது என்பதை எண்ணும்போது எனக்கு உண்மையாகவே வியப்பு உண்டாகிறது.

சோதனை மெய்யாகவே முடிந்தாலும்கூட, அந்நோய் எந்த ஆண்டில் வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பவற்றை அது சொல்லாது. வைரசு நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டு காலம் உறங்கிக் கிடக்கக்கூடியது; ஆகவே ஒரு தாளை நீட்டி மணமகனையோ மனைவியையோ குற்றவாளியாக்குவது அநியாயம் என்பது என் திடமான அபிப்பிராயம். கொப்புளமோ புண்ணோ இருக்குமாயின் அது ஆறுமுன் வைத்தியரிடம் சென்று, அதன் நீரிலிருந்து வைரசைத் தேடச் செய்வதே இரத்தத்தை விசாரிப்பதினும் மேலான பிரமாணம். நோய் உறுதியானாலும் அதைத் தணிக்கும் அசைக்குளோவிர் முதலிய மருந்துகள் பல்லாண்டுகளாக வழக்கில் உள்ளன.

கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் அரசாங்கத்தின் மத்திய பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. அங்கே கட்டணமில்லை; இரகசியமும் காக்கப்படும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இந்தக் கவலையோடு உறக்கமின்றி இருக்கிறவர்கள், இன்னோர் ஆய்வுகூடத்தில் இன்னொரு முறை இரத்தம் கொடுப்பதற்கு முன்பு, அங்குள்ள வைத்தியரிடம் ஒரு தடவை சென்று பேசவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.