பக்கவாதத்தில் அழற்சியும் நோயெதிர்ப்பும்

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ, கை, கால், பேச்சு ஆகியவை திடீரெனச் செயலிழப்பது பக்கவாதம். 'ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது' என்பது பேச்சு வழக்கு. சித்த மருத்துவம் இதை வாத நோய்கள் எண்பதினுள் அடக்கியது. இரத்தக்குழாய் கெடுவதிலும், அடைப்புக்குப் பின் மூளை சிதைவதிலும், சிதைந்த இடம் ஆறுவதிலும் உடலின் நோயெதிர்ப்பு மண்டலத்துக்குப் பங்கு உண்டு. திருவள்ளூர் வட்டாரம் காசநோய்த் தடுப்பூசி ஆய்வின் வழியே இந்த வரலாற்றைத் தொடுகிறது.

கருத்தின் வளர்ச்சி

பக்கவாதத்தில் இறந்தவர்களின் மூளையில் இரத்தக்கசிவு இருப்பதை சுவிட்சர்லாந்து மருத்துவர் யோஹான் யாக்கோப் வெப்ஃபர் 1658-இல் எழுதினார். இரத்தக்குழாய்ச் சுவர் தடிப்பது ஓர் அழற்சியே என்று ஜெர்மானிய நோயியலாளர் ருடால்ஃப் ஃபிர்க்கோ 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வாதிட்டார். பின்னர் கொழுப்பின் பக்கமே கவனம் சாய்ந்ததால் அவர் கருத்து நெடுங்காலம் பின்தங்கியது. அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் இரத்தத்தில் மிகுந்திருந்தவர்களுக்கு அடைப்புப் பக்கவாதம் ஏறக்குறைய இரு மடங்கு வந்ததை ஆய்வாளர் பால் ரிட்கரின் குழுவினர் 1997-இல் காட்டினர். இரத்தக்குழாய்த் தடிப்பை ஓர் அழற்சி நோய் என்றே ஆய்வாளர் ரஸ்ஸல் ராஸ் 1999-இல் வகைப்படுத்தினார்.

மூளைக்குள் நடப்பது

இரத்தம் நின்ற சில நிமிடங்களில் மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா விழித்துக்கொள்கின்றன. அவை சுரக்கும் சைட்டோகைன்கள் என்னும் தூதுப் புரதங்கள் இரத்தக்குழாய்ச் சுவரை ஒட்டும் தன்மை உடையதாக்குகின்றன. சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் வெள்ளையணுக்கள் அங்கே ஒட்டி, சுவரைக் கடந்து உள்ளே நுழைகின்றன, வீக்கம் கூடுகிறது. அடுத்த சில நாட்களில் வரும் மேக்ரோஃபேஜ்கள் இறந்த திசுவை அகற்றி, ஆறுவதற்கு வழி செய்கின்றன.

மூளையில் அழற்சி ஓங்கும் அதே வேளையில் உடலின் மற்ற பகுதிகளில் எதிர்ப்பாற்றல் தணிகிறது. பக்கவாதத்துக்குப் பின் பரிவு நரம்புகளின் தூண்டுதலால் லிம்ஃபோசைட் வெள்ளையணுக்கள் குறைந்து நிமோனியா வருவதை பெர்லின் ஆய்வாளர்கள் 2003-இல் எலிகளில் காட்டினர். நோயாளி விழுங்குவதைச் சோதிக்கும் முன் சோடாவோ காபியோ வாயில் ஊற்றக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். புரையேறி நுரையீரலுக்குள் போவதை எதிர்க்க உடலில் அப்போது வலு குறைவு.

மருந்துத் தேடல்

வெள்ளையணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் என்லிமோமாப் மருந்தை 625 பேரிடம் சோதித்த ஆய்வின் முடிவு 2001-இல் வந்தது. மருந்து பெற்றவர்களிடையே காய்ச்சலும் இறப்புமே கூடின. 10,061 இதய நோயாளிகள் பங்கேற்ற 2017-ஆம் ஆண்டின் கேன்டோஸ் ஆய்வில், கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைத்த கனாகினுமாப் மாரடைப்பைக் குறைத்தது. உயிர்பறிக்கும் தொற்றுகள் சற்று மிகுந்தன. அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு சாதாரண அடைப்புப் பக்கவாதத்தில் பயன் தரவில்லை.

காசநோய் வழியே பக்கவாதம்

ஸ்டீராய்டு பலன் தரும் இடம் காசநோய் மூளைச்சவ்வு அழற்சி. இந்நோயில் மூளையின் அடிப்பகுதியில் கூழ் போன்ற கசிவு படிந்து, அவ்வழியே செல்லும் தமனிகளைச் சுற்றி இறுக்குகிறது. தமனிச் சுவரும் அழற்சியுற்று அடைபடுகிறது. நோயாளிகளில் 15 முதல் 57 விழுக்காட்டினருக்குப் பக்கவாதம் வருவதாகப் பல்வேறு ஆய்வுகள் கூறுகின்றன. கிருமியைவிட அதற்கு உடல் காட்டும் எதிர்வினையே இங்கு பெருஞ்சேதம் செய்கிறது. டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு இறப்பைக் குறைப்பதை வியட்நாமில் 545 பேரிடம் நடந்த ஆய்வு 2004-இல் நிறுவியது.

திருவள்ளூர் ஆய்வு

பிசிஜி தடுப்பூசி காசநோயைத் தடுக்கிறதா என்று அறிய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் பெரும் ஆய்வைத் தொடங்கியது. 209 ஊராட்சிகளும் ஒரு நகரமும் இதில் அடங்கின. 2,81,161 பேருக்குத் தடுப்பூசியோ வெற்றூசியோ போடப்பட்டது. பதினைந்து ஆண்டுத் தொடர்கண்காணிப்பின் முடிவு 1999-இல் வெளியானது: பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை. மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் ஊராரின் எதிர்ப்பாற்றலை முன்பே பழக்கியிருக்கலாம் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று.

ஆயினும் கைக்குழந்தைகளைக் காசநோய் மூளைச்சவ்வு அழற்சியிலிருந்து பிசிஜி காக்கிறது என்பதைப் பிற ஆய்வுகள் உறுதிப்படுத்தியதால், பிறந்தவுடன் ஊசி போடும் வழக்கம் தொடர்கிறது. இடது தோளில் தெரியும் அந்தச் சிறு தழும்பு, குழந்தைப் பருவத்தில் வரக்கூடிய ஒரு வகைப் பக்கவாதத்துக்கும் தடுப்பு.

கும்மிடிப்பூண்டியும் காற்றும்

அதே திருவள்ளூர் வட்டாரத்தில், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலும் சுற்றிலும் இரும்பு உருக்கும் உலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் உள்ளன. இத்தகைய தொழில்களின் புகையில் 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் உண்டு. அவை நுரையீரலின் காற்றுப்பைகள் வரை சென்று அழற்சியைத் தூண்டுகின்றன. அதன் விளைவாக இரத்தம் உறையும் போக்கு கூடுகிறது, குழாய்த் தடிப்புகள் பிளக்க ஏதுவாகிறது. உலக அளவில் பக்கவாதக் காரணிகளுள் உயர் இரத்த அழுத்தத்தோடு காற்று மாசும் முன்வரிசையில் உள்ளது. இத்துகளின் ஆண்டுச் சராசரிக்கு இந்திய வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார அமைப்பு 2021-இல் பரிந்துரைத்தது 5. கிருமிக்கு எதிராக உடலைப் பழக்கத் தடுப்பூசி உண்டு. துகளைப் புகைபோக்கியிலேயே பிடித்தாக வேண்டும்.